ஃபைல்சில்லா: செம்பனைக்குள்ளிருந்து இணையப் பக்கம் ஏற்றுகிறவருக்கு ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் உட்கார்ந்து இணையப் பக்கம் ஏற்றுவது ஒரு வேலை. பட்டணத்தைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே லயத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி ஏற்றுவது வேறு வேலை. எல்லாரும் வேலை முடிந்து வீடு திரும்பிய மாலையில் வேகம் இளைக்கும். ஒரு கோப்பு முக்கால்வாசி போன பிறகு இணைப்பு அறுந்துபோகும். அந்த நேரத்தில் மென்பொருள் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: அறுந்த இடத்திலிருந்து தொடர வேண்டும்; எது போனது, எது போகவில்லை என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கணினியிலிருந்து தளத்துக்குக் கோப்பு ஏற்றும் மென்பொருளான ஃபைல்சில்லா இரண்டையும் நன்றாகவே செய்கிறது. அதனால்தான் கோயில் திருவிழா அறிவிப்பு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பக்கம், தீபாவளிப் பலகார விலைப்பட்டியல் என்று நான்கைந்து பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறவருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

குறையும் உண்டு. பெரிய குறைகள் இரண்டு: விண்டோஸ் நிறுவியோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர மென்பொருள் ஒன்று, கடவுச்சொல்லை அது சேமித்து வைக்கும் விதம் இன்னொன்று. முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டையும் சரிசெய்துவிடலாம். சரிசெய்யாமல் விட்டால் பின்னால் தளமே கைமாறிப் போகலாம்.

2001 ஜனவரியில் டிம் கோஸே என்பவரும் உடன் படித்த இருவரும் கணினி அறிவியல் வகுப்புக்கான பணியாகத் தொடங்கியது இந்த மென்பொருள். திறந்த மூலம், ஜிபிஎல் உரிமம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு சென் செலவில்லை. புரோ என்று காசுக்கு ஒரு பதிப்பு இருக்கிறது. அது மேகச் சேமிப்பிடங்களோடு இணைப்பதற்கானது, நம் தேவைக்கு வேண்டியதில்லை.

நிறுவும்போதே கவனிக்க வேண்டியது

ஃபைல்சில்லாவின் சொந்தத் தளத்தில் கிளையண்ட், சர்வர் என இரண்டு பொத்தான் இருக்கும். வேண்டியது கிளையண்ட், அதாவது நம் கணினியிலிருந்து சர்வருக்கு (தளத்தை வைத்திருக்கும் தொலைவுக் கணினிக்கு) ஏற்றும் நிரல். புதியவர் பலர் "சர்வரில் ஏற்றத்தானே போகிறோம்" என்று நினைத்து இரண்டாவதைப் பதிவிறக்கிவிட்டு, அது என்ன கேட்கிறது என்றே புரியாமல் விழிப்பதுண்டு. அந்தச் சர்வர் பதிப்பு உங்கள் கணினியையே பிறருக்குக் கோப்பு வழங்கும் இடமாக மாற்றுவதற்கு.

விண்டோஸுக்கான பெரிய பச்சைப் பொத்தானை உடனே அழுத்தாதீர்கள். அதில் வரும் நிறுவி வேறு நிறுவனங்களின் மென்பொருளையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு "நெக்ஸ்ட்" அழுத்துகிறவருக்கு அதுவும் நிறுவப்பட்டுவிடும். அதே பக்கத்தில் "ஷோ அடிஷனல் டவுன்லோட் ஆப்ஷன்ஸ்" என்று சின்னதாக ஓர் இணைப்பு இருக்கும். அதற்குள் ஒட்டுவிளம்பரம் இல்லாத நிறுவியும், நிறுவாமலே ஓடக்கூடிய ஜிப் கோப்பும் கிடைக்கும். பள்ளிக் கணினி, சங்கத்துக் கணினி போல நிறுவ அனுமதி இல்லாத இடத்தில் அந்த ஜிப் பெரிய உதவி. தேடுபொறியில் முதலில் வரும் மற்றப் பதிவிறக்கத் தளங்களுக்குப் போகவே வேண்டாம். பழைய பதிப்பை எடுத்து, அதில் கள்ள நிரல் சேர்த்துத் தருகிற தளங்களும் உலவுகின்றன.

முதல் முறை இணையும்போதே கடவுச்சொல்லைச் சேமிக்கலாமா என்று கேட்கும். மூன்று தேர்வு காட்டும். "சேவ் பாஸ்வேர்ட்ஸ்" என்பதைத் தேர்ந்தால் சைட்மேனேஜர் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் கடவுச்சொல் கிட்டத்தட்ட வெட்டவெளியில் கிடக்கும். பார்ப்பதற்குக் குழம்பிய எழுத்து மாதிரி தெரிந்தாலும் அது பேஸ்64 மாற்றம்தான், பூட்டு இல்லை. எவரும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். கடவுச்சொல் திருடும் நச்சு நிரல்கள் இந்தக் கோப்பைத்தான் குறிவைத்துத் தேடுகின்றன. 2017-இல் 3.26 பதிப்போடு, சேமித்த கடவுச்சொற்களை எல்லாம் ஒரே சொல்லால் பூட்டும் மாஸ்டர் பாஸ்வேர்ட் வசதி வந்தது. மூன்றாவது தேர்வு அதுதான். அதையே எடுங்கள். நிரல் திறந்து முதலில் இணையும்போது ஒரு சொல் கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கும், அவ்வளவே. இதை ஃபைல்சில்லா தானாகவே கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. புதியவரிடம் மூன்று தேர்வை நீட்டினால் அவர் முதலாவதைத்தான் தொடுவார்.

இணைப்பு: குவிக்கனெக்ட் வேண்டாம், சைட் மேனேஜர் போதும்

ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வாங்கியதும் வரும் மின்னஞ்சலில் நான்கு விவரம் தேவை: ஹோஸ்ட் (சர்வரின் பெயர்), பயனர் பெயர், கடவுச்சொல், போர்ட் எண் (சர்வரில் நுழையும் வாசலின் எண்). மேலே இருக்கும் குவிக்கனெக்ட் பட்டையில் இவற்றைத் தட்டினால் உடனே இணைந்துவிடும், ஆனால் பாதுகாப்பு அமைப்பைத் தேர்ந்தெடுக்க அங்கே தனிப் பெட்டி இல்லை. கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தி சைட் மேனேஜரைத் திறந்து, "நியூ சைட்" என்று ஒன்றை உருவாக்குங்கள்.

கோப்பைக் கணினிக்குக் கணினி அனுப்பும் எஃப்டிபி நெறிமுறைக்கு வயது அதிகம். 1971 ஏப்ரலில் எம்ஐடியில் இருந்த இந்தியரான அபய் பூஷண் எழுதிய வரையறை அதன் தொடக்கம். இன்று புழங்கும் வடிவம் 1985-இல் வந்தது. அந்தக் காலத்து வலையில் ஒட்டுக்கேட்பவரைப் பற்றிய பயமே இல்லை. அதனால் வெறும் எஃப்டிபியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே, யாரும் படிக்கக்கூடிய எழுத்தாகப் போகும். ஒட்டுக்கடையின் பொது வைஃபையில் உட்கார்ந்து இப்படி இணைவது, கோயில் உண்டியல் சாவியைக் கடை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதற்குச் சமம்.

அதனால் என்க்ரிப்ஷன் என்ற இடத்தில் "ரிக்வயர் எக்ஸ்பிளிசிட் எஃப்டிபி ஓவர் டிஎல்எஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஎல்எஸ் என்பது போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முறை. இயல்பாக அங்கே இருப்பது "இஃப் அவைலபிள்" என்று முடியும். சர்வரில் டிஎல்எஸ் இல்லாவிட்டால் பூட்டில்லாமல் போகவும் அதில் இடமுண்டு. போர்ட் 21. உங்கள் ஹோஸ்டிங்கில் எஸ்எஃப்டிபி (எல்லாவற்றையும் பூட்டியே அனுப்பும் இன்னொரு நெறிமுறை) இருந்தால் புரோட்டோகால் இடத்தில் அதைத் தேர்ந்து போர்ட் 22 தரலாம். ஒரே இணைப்பில் எல்லாம் போவதால் மெலிந்த வலையில் அது தொல்லை குறைந்தது. ஒன்று நினைவிருக்கட்டும்: சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் எஸ்எஃப்டிபி முதன்மைக் கணக்குக்கு மட்டும்தான். நீங்கள் தனியாக உருவாக்கிய எஃப்டிபி கணக்கை வைத்து 22-ஆம் போர்ட்டில் எத்தனை முறை முயன்றாலும் கதவு திறக்காது.

முதல் இணைப்பில் சான்றிதழ் ஒன்றைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். அதில் உங்கள் தளத்தின் பெயருக்குப் பதிலாக ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயர் இருப்பது ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஹோஸ்டிங்கில் வழக்கம். மின்னஞ்சலில் தந்த சர்வர் பெயரையே ஹோஸ்ட் இடத்தில் போட்டால் பெயர் பொருந்திவிடும். மாதக்கணக்கில் ஒழுங்காக இணைந்துகொண்டிருந்த சர்வர் திடீரென்று வேறு சாவி காட்டுகிறது என்று எஸ்எஃப்டிபி எச்சரித்தால், "ஓகே" அழுத்துவதற்கு முன் ஹோஸ்டிங் தரப்பிடம் கேட்டுவிடுங்கள். சர்வரை மாற்றியிருந்தால் அவர்கள் சொல்வார்கள்.

பழைய வழிகாட்டிகள் சில, உலாவியின் முகவரிப் பட்டையிலேயே எஃப்டிபி முகவரியைத் தட்டச் சொல்லும். அது இனி நடக்காது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே 2021-இல் அந்த வசதியை எடுத்துவிட்டன. விண்டோஸின் கோப்பு உலாவியில் இன்னும் திறக்கலாம், ஆனால் அதற்கு டிஎல்எஸ் தெரியாது.

கோப்பு எங்கே போய் விழுகிறது

திரையின் இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சர்வர். இடமிருந்து வலம் இழுத்து விட்டால் ஏறும். இவ்வளவு எளிதாக இருப்பதே சிக்கலுக்கும் காரணம். சர்வரில் நுழைந்ததும் கண்ணில் படுவது பெரும்பாலும் வீட்டுக் கோப்புறை; வெளியுலகம் பார்க்கும் இடம் அதற்குள்ளே இருக்கும். சிபேனலில் அதன் பெயர் பப்ளிக்_எச்டிஎம்எல், பிளெஸ்க் என்ற இன்னொரு நிர்வாகப் பலகையில் எச்டிடிபிடாக்ஸ், வேறு சிலவற்றில் எச்டிடாக்ஸ். அதைத் திறந்து உள்ளே போய் ஏற்ற வேண்டும். வெளியே விட்டால் கோப்பு பத்திரமாகச் சர்வரில் இருக்கும், ஆனால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குப் பக்கத்தில் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று ஒன்று தெரிந்தால் குழம்ப வேண்டாம். சிபேனலில் அது அதே இடத்துக்குப் போகும் குறுக்குவழி.

சிபேனலில் புதிய எஃப்டிபி கணக்கு உருவாக்குகிறவர்கள் விழும் குழி ஒன்றிருக்கிறது. கணக்கின் பெயரைத் தட்டும்போதே கீழே டைரக்டரி என்ற பெட்டியில் அந்தப் பெயரில் ஒரு துணைக் கோப்புறை தானாக நிரம்பிக்கொள்ளும். அதை அப்படியே விட்டால் அந்தக் கணக்கில் நுழைகிறவர் வேறோர் அறைக்குள் அடைபட்டிருப்பார். அவர் ஏற்றுவது எல்லாம் அங்கேயே தங்கும், முகப்பு பழையபடி வெறுமையாக இருக்கும். பெட்டியில் பப்ளிக்_எச்டிஎம்எல் வரை மட்டும் விட்டு மிச்சத்தை அழித்துவிட்டு உருவாக்குங்கள். அந்தக் கணக்கின் பயனர் பெயர் வெறும் பெயராக இல்லாமல், அட் குறியும் தளத்தின் பெயரும் சேர்ந்த முழுவடிவம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முகப்புக் கோப்பின் பெயர் இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல். எல்லாமே சிறிய எழுத்தில். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைப்பதால், நோட்பேடில் சேமித்தது உண்மையில் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கோப்பாக இருக்கலாம். ஃபைல்சில்லாவின் இடப்பக்கப் பட்டியல் முழுப் பெயரையும் காட்டும் என்பதால் ஏற்றும் முன் அங்கே ஒருமுறை பாருங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் முன்பே வைத்திருக்கும் வரவேற்புப் பக்கம் பிஎச்பி கோப்பாக இருந்து, உங்கள் எச்டிஎம்எல்லை முந்திக்கொண்டு தெரிவதும் உண்டு. அதன் பெயரை மாற்றி வையுங்கள், உடனே அழிக்க வேண்டாம். ஃபைல்சில்லாவில் சர்வர் பக்கம் அழித்ததைத் திரும்ப எடுக்கக் குப்பைத்தொட்டி கிடையாது. அதே காரணத்துக்காக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் கை வைக்கிறவர் முதல் வேலையாகச் சர்வரில் இருப்பதை எல்லாம் வலமிருந்து இடம் இழுத்து ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும்.

மெலிந்த வலையில் ஏற்றும் கணக்கு

இணையத் திட்டத்தில் சொல்லும் பெரிய எண் பெரும்பாலும் பதிவிறக்க வேகம். ஏற்றும் வேகம் தனி, பல இடங்களில் குறைவு. ஏற்றும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் கிடைத்தால் நொடிக்கு 125 கிலோபைட் போகும். திருவிழாப் படம் நாற்பது, ஒவ்வொன்றும் கைப்பேசியில் எடுத்தபடியே 5 மெகாபைட் என்று வையுங்கள். மொத்தம் 200 மெகாபைட், ஏறி முடிய 27 நிமிடம் ஆகும், அதுவும் நடுவில் அறாமல் இருந்தால். அதே படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒவ்வொன்றும் 250 கிலோபைட் அளவுக்கு வந்துவிடும். மொத்தம் 10 மெகாபைட், ஒன்றரை நிமிட வேலை. பக்கத்தைப் பார்க்க வருகிறவரின் டேட்டாவும் மிச்சம்.

மலேசியாவில் 3ஜி அலைவரிசை 2021 கடைசியோடு நிறுத்தப்பட்டது. அலமாரியில் கிடக்கும் பழைய 3ஜி டோங்கலைத் தேடி எடுத்துப் பயனில்லை. 4ஜி கைப்பேசியைச் சன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட் போடுவதே மேல்.

செட்டிங்ஸில் டிரான்ஸ்ஃபர்ஸ் என்ற பிரிவுக்குப் போங்கள். ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு என்பது இயல்பாக 2 ஆக இருக்கும், 10 வரை ஏற்றலாம். நல்ல ஃபைபரில் சின்னச் சின்னக் கோப்பு நூறு இருந்தால் 4, 5 என்று வைப்பது லாபம். ஹாட்ஸ்பாட்டில் 1 ஆகக் குறையுங்கள். இரண்டு கோப்பும் பாதியில் நிற்பதைவிட ஒன்று முழுதாகப் போவது நல்லது. கனெக்ஷன் பிரிவில் டைம்அவுட் 20 விநாடி என்றிருக்கும். அதை 60 ஆக்குங்கள். மறுமுயற்சி எண்ணையும் 2-இலிருந்து 5 ஆக்கலாம்.

இணைப்பு அறுந்தால் போகாதவை "ஃபெய்ல்ட் டிரான்ஸ்ஃபர்ஸ்" தாளில் போய்ச் சேரும். அங்கே வலச் சொடுக்கி "ரீசெட் அண்ட் ரீகியூ ஆல்" கொடுத்து, கண்ட்ரோலும் பியும் அழுத்தினால் வரிசை மறுபடி ஓடும். பாதி ஏறிய கோப்பு வந்ததும் என்ன செய்யலாம் என்று பெட்டி திறக்கும். படம், பிடிஎஃப் ஆகியவற்றுக்கு "ரெஸ்யூம்" சரி. விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இடையில் உங்கள் கணினியில் அந்தக் கோப்பைத் திருத்தியிருந்தால் ரெஸ்யூம் கொடுக்கவே கூடாது. பழைய கோப்பின் முன்பாதியும் புதியதன் பின்பாதியும் ஒட்டிக்கொண்டு எதற்கும் உதவாத ஒன்று உருவாகும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகள் சிறியவை, அவற்றுக்கு எப்போதும் "ஓவர்ரைட்".

திருவிழா நாளில் பலர் பார்த்துக்கொண்டிருக்கும் முகப்பை மாற்றுவதாக இருந்தால் நேரடியாக அதன்மேல் ஏற்றாதீர்கள். வேறு பெயரில் ஏற்றி, உலாவியில் திறந்து சரிபார்த்து, பிறகு சர்வர் பக்கத்திலேயே பழையதன் பெயரையும் புதியதன் பெயரையும் மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரு நொடி. ஏற்றம் அறுந்தால் பாதிப் பக்கம்தான் எல்லாருக்கும் தெரியும்.

ஒப்பிடும் வசதி ஒன்று இருக்கிறது, கண்ட்ரோலும் ஓவும். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் இருப்பது மஞ்சள், புதியது பச்சை, அளவு வேறுபடுவது சிவப்பு. விடுபட்டதைக் கண்டுபிடிக்க இதைப்போல் எளிய வழி வேறில்லை. ஆனால் விண்டோஸில் எழுதிய எச்டிஎம்எல் கோப்பு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் திகைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் வகை "ஆட்டோ" என்றிருக்கும்போது எழுத்துக் கோப்புகளை ஆஸ்கி முறையில் அனுப்புகிறது; வரி முடிவில் விண்டோஸ் வைக்கும் இரண்டு குறி, லினக்ஸ் சர்வரில் ஒன்றாகிவிடும். வரிக்கு ஒரு பைட் குறையும். "பைனரி" என்று மாற்றிவிட்டால் அளவு அப்படியே பொருந்தும்.

தமிழ்ப் பக்கத்துக்கென்று உள்ள தொல்லைகள்

ஏற்றியதும் தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாகவோ விசித்திர எழுத்தாகவோ தெரிந்தால் ஃபைல்சில்லாவைக் குறை சொல்வார்கள். அது பெரும்பாலும் கோப்பு சேமிக்கப்பட்ட விதத்தின் குற்றம். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முந்திய நோட்பேட் இயல்பாக, தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில் சேமிக்கும். தமிழை அது கேள்விக்குறியாக்கிவிடும், அப்படிச் சேமித்தபின் எழுத்து திரும்ப வராது. சேமிக்கும்போது என்கோடிங் பெட்டியில் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூனிகோடு வடிவம்) இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில், எந்தக் குறியேற்றம் என்று உலாவிக்குச் சொல்லும் மெட்டா கேர்செட் வரியையும் யூடிஎஃப்-8 என்று முதல் 1024 பைட்டுக்குள் எழுதியிருக்க வேண்டும். தமிழ் எழுத்துக்குறி ஒன்று யூடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிக்கும். நீண்ட தமிழ்த் தலைப்பை மேலே வைத்து மெட்டா வரியைக் கீழே தள்ளினால் அந்த எல்லையைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. அதனால் மெட்டா வரியே முதலில் வரட்டும்.

சங்கத்து ஆண்டு மலர், கோயில் வரலாறு என்று யூனிகோடு வருவதற்கு முன் தட்டச்சு செய்து வைத்தவை பல இடங்களில் இருக்கின்றன. டிஸ்கி போன்ற பழைய குறியேற்றத்தில் உள்ள அவற்றை அப்படியே ஏற்றினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு வார்த்தை படிக்க முடியாது. யூனிகோடு மாற்றிக் கருவியில் மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பக்கமாவது கண்ணால் படித்துப் பாருங்கள்.

கோப்பின் பெயரைத் தமிழில் வைக்க ஆசை வரும். சர்வர் ஏற்கும், ஆனால் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக மூன்று வரி நீளத்துக்கு வந்து நிற்கும். பக்கத்துக்குள் எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் எழுதுங்கள். கோப்பின் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில், சிறிய எழுத்தாக, இடைவெளி இல்லாமல், தேவைப்பட்டால் இடையில் சிறு கோடு போட்டு இருக்கட்டும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. கேமரா தரும் படத்தின் பின்னொட்டு பெரிய எழுத்தில் ஜேபிஜி என்றிருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். வீட்டுக் கணினியில் படம் தெரியும், சர்வரில் உடைந்த பெட்டி தெரியும். புதியவரின் படக் குறைகளில் பாதிக்கு இதுவே காரணம்.

மேல் பெட்டியில் ஓடும் எழுத்தைப் படியுங்கள்

ஃபைல்சில்லாவின் மிகப் பெரிய பலம் மேலே ஓடும் செய்திப் பெட்டி. பலர் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். சுருக்காதீர்கள். சர்வர் சொல்லும் மூன்றிலக்க எண்ணிலேயே நோய் என்னவென்று தெரிந்துவிடும்.

530 வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. மின்னஞ்சலிலிருந்து நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். இதே தவறை ஐந்தாறு முறை செய்தால் சர்வரின் காவல் நிரல் உங்கள் ஐபி முகவரியையே தடுத்துவிடக்கூடும். அதன் பிறகு 530 கூட வராது. "கனெக்ஷன் டைம்ட் அவுட்" என்று மட்டும் வரும். வீட்டு இணைப்பில் இணையவில்லை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைகிறது என்றால் தடை விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஹோஸ்டிங் தரப்பிடம் உங்கள் ஐபியைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். "ஈகான்ரெஃப்யூஸ்ட்" என்பது வேறு: சர்வர் இருக்கிறது, அந்தப் போர்ட் மூடியிருக்கிறது. போர்ட் எண்ணையும் புரோட்டோகாலையும் சரிபாருங்கள்.

உள்ளே நுழைந்தும் பட்டியல் வராமல் "ஃபெய்ல்ட் டு ரிட்ரீவ் டைரக்டரி லிஸ்டிங்" என்று நின்றால், 425 என்ற எண்ணும் கூட வந்தால், காரணம் எஃப்டிபியின் இரட்டை இணைப்பு. கட்டளைக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. ஆக்டிவ் முறையில் இரண்டாவது இணைப்பைச் சர்வர் உங்கள் கணினியை நோக்கித் திறக்கும். கைப்பேசி வலையில் பல வாடிக்கையாளர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் அந்த இணைப்பு உங்களை வந்தடையாது. டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸில் "பேசிவ்" என்று வையுங்கள். அப்போது இரண்டையும் உங்கள் கணினியே தொடங்கும்.

550 என்றால் அந்தக் கோப்பு இல்லை, அல்லது தொட அனுமதி இல்லை. 552 வந்தால் ஹோஸ்டிங்கின் இடம் நிரம்பிவிட்டது. 421-இல் இணைப்புகள் அதிகம் என்று வந்தால் ஒரே நேரத்துக் கோப்பு எண்ணைக் குறையுங்கள்.

தளம் கிளவுட்ஃபிளேர் என்ற இடைச்சேவை வழியாகப் போகிறதென்றால் ஹோஸ்ட் இடத்தில் தளப் பெயரைப் போட்டு இணையவே முடியாது. அந்த இடைத்தரகு இணையப் போர்ட்டுகளை மட்டும் கடத்தும். ஹோஸ்டிங் நிறுவனம் தந்த சர்வர் பெயரைப் போடுங்கள்.

ஏறியதும் உலாவியில் 403 வந்தால் இண்டெக்ஸ் கோப்பு இல்லை, அல்லது யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண் தவறு. கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755. வலச் சொடுக்கி "ஃபைல் பெர்மிஷன்ஸ்" திறந்து எண்ணைத் தட்டலாம். உள்ளே உள்ளவற்றுக்கும் செய்ய "ரிகர்ஸ்" பெட்டியைக் குறியிட்டு, கோப்புக்கு மட்டும் ஒருமுறை, கோப்புறைக்கு மட்டும் ஒருமுறை என்று தனித்தனியே செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் 644 போட்டால் கோப்புறை திறக்காது. "777 போட்டால் எல்லாம் சரியாகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சர்வரில் உள்ள எவரும் எழுதக்கூடிய கதவு அது. பல ஹோஸ்டிங்கில் பிஎச்பி கோப்புக்கு 777 இருந்தால் 500 பிழைதான் வரும். பழைய பக்கமே தெரிகிறது என்றால் மறுபடி ஏற்றுவதற்கு முன் கண்ட்ரோலும் எஃப்5-உம் அழுத்தி உலாவியின் சேமிப்பைத் தாண்டிப் பாருங்கள்.

மற்றவை

ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த ஃபைல்சில்லா தேவையில்லை. சிபேனலின் ஃபைல் மேனேஜரில் எடிட் அழுத்தினால் போதும். கோப்பு நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஒரே ஜிப்பாக்கி அங்கே ஏற்றி "எக்ஸ்ட்ராக்ட்" கொடுப்பது வேகமானது, ஆனால் ஜிப் ஏறும்போது வலை அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 10 மெகாபைட்டுக்குள் என்றால் அந்த வழி, அதற்கு மேல் ஃபைல்சில்லா. விண்டோஸ் மட்டும் வைத்திருக்கிறவருக்கு வின்எஸ்சிபியும் நல்ல கருவி. கணினியில் சேமித்தவுடன் சர்வரிலும் மாற்றிக்கொண்டே இருக்கும் வசதி அதில் உண்டு. ஹோஸ்டிங்குக்கே காசில்லை என்கிறவர் கிட்ஹப் பேஜஸைப் பார்க்கலாம். அங்கே எஃப்டிபி இல்லை, உலாவியிலேயே இழுத்து விட வேண்டும், ஒரு கோப்பு 25 மெகாபைட்டுக்குள், தளம் 1 ஜிகாபைட்டுக்குள். இலவசக் கணக்கில் மூலக் கோப்பு எல்லாருக்கும் திறந்திருக்கும் என்பதால் உறுப்பினர் தொலைபேசிப் பட்டியல் போன்றவற்றை அங்கே வைக்கக் கூடாது.

கோயில், சங்கத் தளங்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது பழையவரின் மடிக்கணினியில் சைட் மேனேஜர் அப்படியே இருக்கும். புதியவருக்குக் கொடுப்பதற்காக அதிலிருந்து "எக்ஸ்போர்ட்" செய்த எக்ஸ்எம்எல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்காதவரின் கோப்பில் தளத்தின் கடவுச்சொல்லும் உள்ளேயே போகும். சிபேனலில் பழையவரின் எஃப்டிபி கணக்கை அழித்து, புதியவர் பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். அழிக்கும்போது கணக்கை மட்டும் அழிப்பதா, கோப்புறையையும் சேர்த்து அழிப்பதா என்று இரண்டு பொத்தான் வரும். அந்தக் கோப்புறைதான் பப்ளிக்_எச்டிஎம்எல் என்பதால் முதலாவதை மட்டும் அழுத்துங்கள்.